அண்ணனின் கைராசி

தகர டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினால் சத்தம்தான் வரும், ரொட்டி வராது. அது தெரிந்தும் அண்ணி அன்று காலை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டாள். உள்ளங்கையில் விழுந்தது ஒரு சிட்டிகைத் தூள்.

"விடுங்க அண்ணி. எனக்கு ஒண்ணும் வேண்டாம்," என்றாள் சமையலறை மேஜையில் தலையைச் சாய்த்திருந்த சின்னவள்.

"ஆறு மாசப் புள்ளைய வயித்துல வெச்சுக்கிட்டு ஒண்ணும் வேண்டாம்னு சொல்ற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அண்ணிக்கென்று ஒரு பெயர் உண்டு. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. நாத்தனார் கூப்பிட ஆரம்பித்து, மாடி வீட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டு, பிறகு அலுவலகம் வரைக்கும் பரவி, இப்போது அவள் ஊருக்கே அண்ணி. அவள் கணவரின் தங்கைதான் சின்னவள். சின்னவளின் புருஷன் சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்ப்பவன். குழந்தை பிறப்பதற்குள் கரைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதுவரை அவளுக்கு அண்ணன் வீடு.

போன வாரம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோதுமை, பார்லி மாதிரித் தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற சங்கதி சின்னவளின் குடலுக்கு ஆகாது. ஆகாது என்றால் துளிக்கூட ஆகாது. அப்படியிருக்க, பசி தாங்காமல் மாடி வீட்டிலிருந்து வந்த கேக்கை இரண்டு துண்டு தின்றுவிட்டு, இரண்டு நாள் சுருண்டு கிடந்தாள். எடை பார்க்கும் கருவியைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. "போன மாசத்தைவிடக் குறைஞ்சிருக்கு. அடுத்த வாரமும் இப்படின்னா ஆஸ்பத்திரியிலதான் படுக்க வெக்கணும்," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சோறு இல்லையா, உருளைக்கிழங்கு இல்லையா என்று கேட்டுச் சிலர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இருக்கிறது. ஆனால் சோறு கொதிக்கும் வாசனை வந்தாலே சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். கிழங்கை நாலு நாள் விழுங்கினாள், பிறகு அதுவும் வந்த வழியே போயிற்று. இந்தக் கர்ப்பத்தில் அவள் வயிற்றில் நிற்பது, மொறுமொறுவென்று வாட்டிய ரொட்டியும் உப்பு பிஸ்கட்டும்தான். அதிலும் குளூட்டன் இல்லாதது. அது கிடைக்க வேண்டுமே.

அந்த வட்டாரத்தில் அதை விற்பது ஒரே ஒரு பெரிய கடை. அங்கேயும் ஒரு அலமாரியில் பாதி வரிசை. 'ஒருவருக்கு இரண்டு பாக்கெட் மட்டும்' என்று அட்டை வேறு தொங்கும். அண்ணி போகும்போதெல்லாம் அந்த அட்டை மட்டும் இருக்கும், பாக்கெட் இருக்காது. நகரத்தின் மறுகோடியில் ஒரு மருந்துக்கடையிலும் விற்கிறார்கள். அங்கே போனால் "அடுத்த வாரம் வாங்க" என்ற வாக்கியம் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும்.

ஆனால் அண்ணன் போனால் கதையே வேறு. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வரும் வழியில் கடைக்குள் நுழைந்தாரானால், கையில் இரண்டு பாக்கெட் இல்லாமல் வெளியே வரமாட்டார்.

"அண்ணாவுக்குக் கைராசி," என்பாள் சின்னவள். அண்ணியும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் அவர் வாங்கிய பரிசுச் சீட்டு ஒன்றுக்குக்கூட ஒரு டம்ளர் விழுந்ததில்லை என்பது அவளுக்கு ஏனோ ஞாபகத்துக்கு வரவில்லை.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அண்ணன் சமையலறைக்குள் வந்தார். திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தார்.

"காலியா? சாயந்திரம் நான் வாங்கிட்டு வரேன்."

"சாயந்திரம் வரைக்கும் இவ காத்தைச் சாப்பிடுவாளா? மத்தியானம் நானே போறேன்."

"நீ எதுக்கு வெயில்ல அலையற?"

"அந்த மேனேஜரை இன்னிக்கு நாக்கைப் பிடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்."

"அவர்கிட்ட எதுக்குப் போற? நான் பாத்துக்கறேன்னு சொல்றேன்ல."

அந்த வீட்டில் குரல் உயர்த்தாத ஒரே ஆள் அண்ணன். அவர் சள்ளென்று விழுந்ததும் இரண்டு பெண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவையும் மறந்துவிட்டுக் கிளம்பினார்.

"அண்ணாவுக்கு வேலையில ஏதோ தொல்லை போல," என்றாள் சின்னவள்.

அண்ணி ஒரு முட்டையை வேகவைத்து, ஒரு வாழைப்பழத்தை உரித்து அவள் முன்னால் வைத்தாள். பிறகு டப்பாவை மூடினாள். அதன் மூடி எப்போதோ கழன்றுவிட்டது. லிஃப்ட் வேலையில் மிஞ்சிய பச்சை ஒயரால் அண்ணன் கட்டிக் கொடுத்திருந்தார். அந்த வீட்டில் குடைக்கம்பி, குழாய்ப்பிடி எல்லாமே அந்தப் பச்சை ஒயரில்தான் உயிர்வாழ்கின்றன. இரண்டு முறுக்கு, அப்புறம் நுனியை உள்பக்கம் மடக்கிவிடுவார், யார் கையையும் கிழித்துவிடக் கூடாது என்று.

அண்ணிக்கு வேலை ஒரு தொலைபேசி நிறுவனத்தில், புகார்ப் பிரிவில். காதில் கருவியை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை ஊராரின் கோபத்தைக் கேட்க வேண்டும். பதிலுக்கு இதமாக ஏதாவது சொல்ல வேண்டும். எந்த வாக்கியத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அன்று மத்தியானம் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று கடைக்கு நடந்தாள்.

அலமாரி காலி. அது பழகிப்போன விஷயம். பழகாதது, ஒரு ஊழியர் முட்டி போட்டு உட்கார்ந்து விலைச் சீட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்ததுதான். பக்கத்தில் ஒரு பெரிய நாய்ப் படம் சுவரோடு சாய்ந்திருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"இந்த வரிசையை எடுக்கறோம்மா. சனிக்கிழமையிலேர்ந்து இங்க நாய் பிஸ்கட்."

இருந்தால் இரண்டு, இல்லாவிட்டால் நாளைக்கு என்று ஓட்டிய பிழைப்புக்கும் ஆப்பு. அவள் நேராக மேனேஜர் அறைக் கதவைத் தட்டினாள். தட்டினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

மேனேஜர் இளவயதுக்காரர், கழுத்தில் கட்டிய டை கொஞ்சம் கோணலாக இருந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது மேடம்," என்றார்.

"புரியலைன்னு அர்த்தம். அடுத்தது?"

"மேலிடத்துக்குச் சொல்லி..."

"சொல்லலைன்னு அர்த்தம். தம்பி, இதே வசனத்தைச் சொல்லித்தான் நான் மாசாமாசம் சம்பளம் வாங்கறேன். வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"உண்மையைச் சொல்லிடறேன். சரக்கு இருக்கு மேடம். இதோ ரொட்டி இருக்கு, பிஸ்கட் இருக்கு, மாவுகூட இருக்கு. ஆனா விக்க மாட்டேங்குது. எப்பவாவது ரெண்டு ரெண்டாப் போகுது. இருக்கற சரக்கு தீராம கம்ப்யூட்டர் புதுசா ஆர்டர் போடாது. இப்படித் தேங்கிக் கிடந்தா தலைமை அலுவலகத்துல சும்மா இருப்பாங்களா? எடுத்துடுன்னுட்டாங்க."

"அலமாரி காலியா இருக்கு. எப்படி விக்கும்?"

"காலியா?" என்றார் மேனேஜர். கம்ப்யூட்டரை நம்பி அவர் அலமாரிப் பக்கம் போய் வெகுநாளாகியிருந்தது.

அவர் வந்து பார்த்தார், சரக்கு அறையிலும் ஆள் விட்டுப் பார்த்தார். எங்கேயும் இல்லை. அதற்குள் காலி அலமாரி முன்னால் இன்னொருவர் வந்து நின்றிருந்தார். ஈரத் தலை, கழுத்தில் விசில், தோளில் துண்டு. அடுத்த தெருவில் இருக்கும் நீச்சல் குளத்தின் மாஸ்டராம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"இன்னிக்கும் இல்லையா?" என்றார் அவர். "ரெண்டு வாரமா வந்து வந்து போறேன். எனக்கும் கோதுமை ஆகாது. தனி ஆளு, சமைக்கவும் தெரியாது. வாழைப்பழத்துலயே ஓட்டறேன். நேத்து பசங்களுக்குக் கத்துக் கொடுக்கறப்ப தண்ணிக்குள்ளயே தலை சுத்திடுச்சு."

"கம்ப்யூட்டர் இருக்குன்னு சொல்லுதாம். இருந்தா தேடி எடுத்துடலாம். நீங்க அந்தப் பக்கம் பாருங்க," என்றாள் அண்ணி.

கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு அவள் அலமாரி அலமாரியாகக் குனிந்தாள். சோப்புத் தூள், பல் பசை, ஊறுகாய் பாட்டில் ஒன்றையும் விடவில்லை. மேனேஜரும் வேறு வழியில்லாமல் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் குனிந்தார். வினிகர் கேன்கள் இருக்கும் அடித்தட்டுக்கு வந்ததும் அண்ணி முட்டி போட்டு, கேன்களை நகர்த்தி, உள்ளே கையை விட்டாள்.

விரலில் ரொட்டி பாக்கெட் தட்டுப்பட்டது. ஒன்றல்ல, ஒரு குவியல். அடியில் ஈரம் படாமல் அட்டை விரித்து, ரொட்டி நசுங்காமல் மாவைக் கீழேயும் பிஸ்கட்டை நடுவிலும் வைத்து, ஒரு குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி அவ்வளவு பதவிசாக அடுக்கியிருந்தது. சரிந்துவிடாமல் இருக்க ஒரு கட்டு.

பச்சை ஒயர். இரண்டு முறுக்கு. நுனி உள்பக்கம் மடங்கியிருந்தது.

அண்ணிக்கு முதலில் வந்தது சிரிப்பு. அதன் பின்னாலேயே அழுகை வந்தது. கோபம் கடைசியில்தான் வந்தது, ஆனால் வந்தது பெரிதாகவே வந்தது. கைராசியாம் கைராசி. அந்தக் கடையின் சரக்கு லிஃப்டைப் பார்த்துக்கொள்வதே அண்ணன்தான். பெட்டி எப்போது மேலே ஏறும் என்று அவருக்குத் தெரியாதா? வந்ததும் இரண்டைப் பில் போட்டு, மிச்சத்தை இங்கே செருகிவிட்டுப் போயிருக்கிறார். அவர் ஒளித்து வைக்க வைக்க, சரக்கு தேங்கி நிற்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டிருக்கிறது. தங்கையின் வாய்க்குப் போகிற ரொட்டிக்கு அண்ணனே வேலி போட்டு, அந்த வேலியால் வரிசையே காணாமல் போகப் பார்க்கிறது.

"எவனோ மனசாட்சி இல்லாதவன்," என்றார் நீச்சல் மாஸ்டர்.

"கேமராவைப் பாத்தா தெரிஞ்சுடும்," என்றார் மேனேஜர். "ஆனா அதை மேல எழுதினா, இந்தத் தலைவலியே வேண்டாம்னு வரிசையை இன்னிக்கே தூக்கிடுவாங்க."

ஒயரை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அண்ணி அதை யோசிக்காமல் இல்லை. சொன்னால் அண்ணனின் வேலைக்கே உலை. சொல்லாவிட்டால் சனிக்கிழமை நாய் பிஸ்கட். சின்னவளின் ஒட்டிய முகம் கண்ணில் வந்தது. கூடவே, எதிரே நிற்கிற இந்த மனிதரின் ஒட்டிய கன்னமும்.

"கேமரா வேண்டாம். என் வீட்டுக்காரர்தான்," என்றாள். "உங்க லிஃப்ட் பாக்கறவரு."

"நம்ம லிஃப்ட் அண்ணனா?" என்றார் மேனேஜர். அவருக்கு அதை நம்ப முடியவில்லை.

அண்ணி அதற்குள் போனை எடுத்துவிட்டாள். "எங்க இருக்கீங்க?"

"எட்டாவது மாடியில. ஏன், பாப்பாவுக்கு ஏதாவதா?" தங்கை அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"இல்ல. இறங்கி வாங்க. கடையில வினிகர் கேன் பக்கத்துல நிக்கறேன்."

மறுமுனையில் இரும்பு உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "வரேன்," என்றார் அண்ணன்.

அவர் வரும்வரை அண்ணி மேனேஜரைச் சும்மா விடவில்லை. "சரி, இந்த வரிசை நிக்கணும்னா என்ன பண்ணணும்? புரியுதுன்னு சொல்லாம, வழியைச் சொல்லுங்க."

மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒரு வழி இருக்கு. வாரா வாரம் கட்டாயம் வாங்கிக்கறோம்னு ஆறு வீடு பேர் கொடுத்தா, நிரந்தர ஆர்டரா போட்டுடலாம். அப்ப கம்ப்யூட்டர் எதையும் பாக்காது. வாரம் ஒரு பெட்டி தானா வந்துடும். ஆனா சனிக்கிழமைக்குள்ள ஆறு வீடு வேணும்."

"எங்க வீடு ஒண்ணு," என்றாள் அண்ணி. பிறகு நீச்சல் மாஸ்டரைப் பார்த்தாள்.

"மொதல்ல அவர் வரட்டும்," என்றார் அவர்.

அண்ணன் வந்தார். சட்டைக் கையெல்லாம் கிரீஸ். அவிழ்க்காத கட்டு தரையில் இருந்ததைப் பார்த்ததும், நடந்து வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். அண்ணி கத்துவாள் என்று எதிர்பார்த்திருப்பார். அவள் கத்தவில்லை.

"இவர் நீச்சல் மாஸ்டர்," என்று அறிமுகம் செய்துவைத்தாள். "ரெண்டு வாரமா வாழைப்பழம் சாப்பிடறார்."

அண்ணனின் முகம் வெளுத்துப்போயிற்று. "சார், நான் திருடல," என்றார். "ஒவ்வொண்ணுக்கும் பில் போட்டுத்தான் எடுத்துட்டுப் போனேன். ரெண்டுக்கு மேல தரமாட்டாங்க. மறுநாள் வந்தா இருக்காது. என் தங்கச்சி மாசமா இருக்கா சார். ராத்திரியெல்லாம் பசியில முழிச்சிருப்பா, கேட்டா தூங்கிட்டேன்னு சொல்லுவா."

"வேற யாராவது இதுக்காக அலைவாங்கன்னு ஒரு நாள்கூட நெனைக்கலையா?" என்றார் நீச்சல் மாஸ்டர்.

"நெனைச்சேன்," என்றார் அண்ணன். "நெனைச்சுட்டுத்தான் ஒளிச்சு வெச்சேன்."

நீச்சல் மாஸ்டர் விசிலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அண்ணிக்குக் கோபம் ஆறவில்லை, ஆனால் அந்தக் கிரீஸ் கையைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"கட்டை அவிழுங்க," என்றாள். "நீங்களே அடுக்குங்க. முன் வரிசையில, எல்லார் கண்ணுலயும் படற மாதிரி."

அண்ணன் ஒயரை அவிழ்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்துக் காலி அலமாரியில் வைத்தார். மாவு, பிஸ்கட், ரொட்டி. கடைசி ரொட்டியை வைத்த பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எடுத்ததும் நீச்சல் மாஸ்டர் முன்னால் வந்து இரண்டு பாக்கெட்டை எடுத்துக்கொண்டார்.

"ரெண்டாவது வீடு என்னோடது. எழுதிக்கோங்க," என்றார் மேனேஜரிடம்.

"சனிக்கிழமை வரைக்கும் நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல," என்றார் மேனேஜர் அண்ணனைப் பார்த்து. "அப்புறம் என்னன்னு இப்ப சொல்ல முடியாது."

பாக்கி நாலு வீட்டை எங்கே போய்த் தேடுவது? அண்ணி ஒரு பெட்டியின் மூடியைக் கிழித்தாள், மேனேஜரின் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். 'இந்த வரிசை இனிமேலும் வேண்டும் என்பவர்கள் இந்த எண்ணில் பேசுங்கள்' என்று பெரிதாக எழுதிவிட்டு நிறுத்தினாள். எந்த எண்? அவளுடைய அலுவலகத்தில் சொந்தப் போனைத் தொடக்கூடாது. அண்ணன் பாதி நாள் லிஃப்ட் குழிக்குள் இருப்பவர்.

சின்னவளுக்குப் போன் போட்டாள்.

"நானா? முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட நான் என்ன அண்ணி பேசுவேன்? எனக்குக் கூச்சமா இருக்கு."

அண்ணி நடந்ததைச் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை.

"அப்ப நான் வயிறு நிறையச் சாப்பிட்ட அன்னிக்கெல்லாம்..."

"ஆமாம்மா. வேற யாரோ வெறுங்கையோட வீட்டுக்குப் போயிருக்காங்க."

"என் நம்பரையே எழுதுங்க," என்றாள் சின்னவள்.

அண்ணி அட்டையை மாட்டினாள். பிறகு மற்றவர்களைப் போல இரண்டே இரண்டு பாக்கெட்டை எடுத்து, பணம் கட்டி, அதை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடினாள். தாமதமாக வந்ததற்கு மேலதிகாரி காரணம் கேட்டார். "உங்க சிரமம் எனக்குப் புரியுது சார்," என்று சொல்லிவிட்டுக் கருவியை மாட்டிக்கொண்டாள்.

சாயந்திரம் அவள் வீடு திரும்பியபோது அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ரொட்டி வாட்டும் மணம். சின்னவள் தட்டோடு வந்து கதவருகில் நின்றாள்.

"அண்ணா, உள்ள வாங்க."

"உனக்கு என் மேல கோபம் இல்லையா பாப்பா?"

"இருக்கு. ஆனா சாப்பிட்டுட்டுத்தான் காமிக்கணும்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இனிமே எனக்குத் தெரியாம எனக்காக எதுவும் பண்ணாதீங்க," என்றாள். அண்ணன் தலையை ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்ததை இரண்டு பெண்களும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

"யாராவது கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள் அண்ணி.

"ஒருத்தர். நாய் பிஸ்கட் எப்ப வரும்னு கேட்டார்."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். நாலு வீடு பாக்கி, நடுவில் மூன்றே நாள். நாளைக்குக் கடை வாசலிலேயே நின்று பிடித்துவிட வேண்டியதுதான் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது மேஜை மேல் போன் அடித்தது. சின்னவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். அண்ணி வாங்கிப் பேசக் கையை நீட்டினாள். சின்னவள் தரவில்லை.

மறுமுனையில் யாரோ மூச்சு விடும் சத்தம். பிறகு ஒரு பெண்ணின் குரல், கிசுகிசுவென்று.

"அந்தக் கடையில... அட்டையில எழுதியிருந்த நம்பர் இதுதானா?"

"இதுதான். சொல்லுங்க."

"இல்ல, சும்மாதான் கூப்பிட்டேன். எனக்கு ஒண்ணும் இல்ல. வெச்சுடறேன்."

"வெச்சுடாதீங்க," என்றாள் சின்னவள். அவள் இவ்வளவு உறுதியாகப் பேசி அண்ணி கேட்டதில்லை. "நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா இன்னிக்கு உங்க வீட்ல எல்லாரும் உக்காந்து சாப்பிட்டப்ப, உங்க தட்டுல என்ன இருந்துதுன்னு எனக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தித் தாழ் போடும் சத்தம் கேட்டது. பிறகு அதே குரல், இப்போது இன்னும் அருகில்.

"நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க. வீட்டுக்காரர் வர்றதுக்குள்ள சீக்கிரம் சொல்லுங்க."